மஞ்சள் கொடி ஏற்றிய பிறகு

விமானத்தில் வருகிறவர் இமிகிரேஷன் கவுண்டர் முன் வந்து நிற்கும்போது, அவருக்காகப் பாதி வேலையை மற்றவர்கள் முடித்து வைத்திருப்பார்கள். பயணிகள் பட்டியலை விமான நிறுவனம் முன்னதாகவே அனுப்பியிருக்கும். விசா இருக்கிறதா என்று ஏறும் இடத்திலேயே பார்த்திருப்பார்கள். விமானம் எந்த நாட்டில் பதிவானது, அதன் காப்பீடு என்ன என்று பயணியிடம் யாரும் கேட்பதில்லை. சொந்தப் பாய்மரப் படகில் கடல் கடந்து வருகிறவருக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. கப்பலின் கேப்டன், கப்பல் கம்பெனி, குமாஸ்தா எல்லாமே அவர்தான். சுங்கத்தின் பார்வையில் அவர் ஏறி வந்த படகே தற்காலிகமாக நாட்டுக்குள் வரும் ஒரு பொருள். தனியார் படகுகளுக்கு ஏஜென்டாக வேலை பார்க்கும் நான் காணும் தகராறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. கடலை நன்றாகத் தெரிந்த ஸ்கிப்பர்கள்கூட, அதாவது படகை நடத்தி வருகிற தலைவர்கள்கூட, கரை தொட்டதும் தங்களைச் சுற்றுலாப் பயணியாக நினைத்துக்கொள்கிறார்கள். அதிகாரிகளோ அவர்களைக் கேப்டனாகப் பார்க்கிறார்கள்.

வேற்று நாட்டுக் கடலுக்குள் வந்ததும் பாய்மரக் கம்பத்தின் வலப்பக்கம் மஞ்சள் கொடி ஏற வேண்டும். சர்வதேச சமிக்ஞைகளில் அது கியூ கொடி: படகில் நோய் ஏதும் இல்லை, கரையோடு தொடர்பு கொள்ள அனுமதி தாருங்கள் என்று அர்த்தம். அனுமதி கிடைக்கும்வரை பல நாடுகளில் ஸ்கிப்பர் மட்டும் ஆவணங்களோடு அலுவலகம் போகலாம். சில நாடுகளில் அவரும் இறங்கக் கூடாது, அதிகாரிகள் படகுக்கு வருவார்கள். பல வாரம் கடலில் கிடந்தவர்களுக்கு இது சோதனையான நேரம். பத்தடி தூரத்தில் படகுத்துறை, குளிக்க நல்ல தண்ணீர், குழந்தைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்துப் படகுக்காரர் பிரியத்தோடு ரொட்டியை நீட்டுவார். அதை வாங்குவதும் தொடர்புதான். அலுவலகம் திறக்கக் காலை ஆகும் என்றால் காலைவரை காத்திருக்கத்தான் வேண்டும். அந்த இரவில் அவர்களிடம் ரேடியோவில் இரண்டு வார்த்தை பேசுவதை என் வேலையின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறேன். எத்தனை மணிக்கு யார் வருவார்கள், என்ன கேட்பார்கள் என்று தெரிந்தாலே பாதிக் களைப்பு போய்விடுகிறது. அனுமதி கிடைத்ததும் மஞ்சள் கொடியை இறக்கி அந்த நாட்டுக் கொடியை ஏற்றுவது மரபு. கிழிந்து வெளுத்த கொடியையோ தலைகீழாகவோ ஏற்றிவிட்டால் மனம் புண்படுகிறவர்கள் உண்டு, அந்த வருத்தம் நியாயமானதுதான்.

ஆனால் கொடி ஏற்றும் நேரத்துக்குள் நடக்க வேண்டியதில் பெரும்பங்கு நடந்து முடிந்திருக்க வேண்டும். நியூசிலாந்து 48 மணி நேரத்துக்கு முன்பே வருகை அறிவிப்பைக் கேட்கிறது. ஆஸ்திரேலியாவில் குறைந்தது 12 மணி நேரம். நியூசிலாந்து இன்னொன்றும் கேட்கும்: படகின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் சுத்தமாக இருக்க வேண்டும், அதற்கு ரசீதோ படமோ ஆதாரம் வேண்டும். வருவதற்கு முந்தைய 30 நாளுக்குள் சுத்தம் செய்திருந்தால் பேச்சு சுலபம். கலபகோஸ் தீவுகளில் முக்குளிப்பவர் இறங்கி அடிப்பாகத்தைப் பார்ப்பார்; சரியில்லை என்றால் படகைத் திரும்பக் கடலுக்கு அனுப்பிவிடுவார்கள். அதை வீம்பு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு தீவின் கடலுக்குள் அந்நிய உயிரினம் புகுந்துவிட்டால் எந்த அபராதத்தாலும் அதை வெளியேற்ற முடியாது.

விசா விஷயத்தில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் அமெரிக்கா. விசா விலக்கு உள்ள நாட்டவர்கள் எஸ்டா என்ற இணையவழி முன் அனுமதி எடுத்து விமானத்தில் போய்ப் பழகியிருப்பார்கள். அந்தத் திட்டத்தில் ஒப்பந்தம் போட்ட போக்குவரத்து நிறுவனத்தின் வாகனத்தில் வந்தால்தான் அது செல்லும். சொந்தப் படகு அப்படியொரு நிறுவனம் அல்ல. முறையான விசாவோடுதான் போக வேண்டும், அந்த விசாவைக் கிளம்புவதற்கு முன் எடுத்திருக்க வேண்டும். இந்தியாவுக்குப் படகோட்டி வருகிறவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை: அனுமதி பெறாத சாட்டிலைட் போன் அங்கே சட்ட விரோதம். நடுக்கடலில் உயிர் காக்கும் கருவி கரையில் குற்றமாகிவிடும். வருமுன்னே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

சோதனைக்கு வருவோம். ஒருமுறை வயதான தம்பதி ஒரு சிறிய படகில் வந்திருந்தார்கள். அந்நியப் பூச்சியும் நோயும் நாட்டுக்குள் வராமல் பார்க்கும் உயிரியல் பாதுகாப்பு அதிகாரி ஏறியதும் அந்த அம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று அலமாரி வாரியாக எழுதியிருந்தார்: இடது பெஞ்சுக்குக் கீழே பயறு, அதில் ஒரு பாக்கெட் வண்டு விழுந்தது, அடுப்புக்கு மேலே தேன், திறந்த பாட்டில் ஒன்று, திறக்காதது ஒன்று, முன்னறைச் சுவரில் மரத்தால் செய்த முகமூடி, பின்பக்கம் சிறு துளைகள். அந்தத் துளைகளை அவரே எழுதியிருந்தார், அதுதான் எனக்கு வியப்பு. அதிகாரி பென்சிலால் ஒவ்வொரு வரியாகக் குறித்துக்கொண்டே போனார். தேனும் முட்டையும் வண்டு விழுந்த பயறும் மஞ்சள் பைக்குள் போயின. முகமூடியை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சுத்திகரிப்புக்கு அனுப்பலாம், திரும்பக் கிடைக்கும் என்றார். பெஞ்சுகளைக் கழற்றவில்லை, மூட்டைகளைப் பிரிக்கவில்லை. படகுத்துறையில் இறங்கியதும் அதிகாரி என்னிடம் சொன்னார்: “எழுதிக் கொடுத்துட்டா நாங்க தேட வேண்டியதில்ல சார், சரிபார்த்தா போதும்.”

இந்த வேலையில் நான் சொல்ல விரும்புவதும் அதுதான். கேட்பதற்கு முன் சொல்லிவிடுங்கள். மருந்துப் பெட்டியில் மார்ஃபின் போன்ற வலி மருந்து இருக்கிறதா, மருத்துவர் கடிதத்தோடு பட்டியலில் எழுதுங்கள். துப்பாக்கி இருந்தால் முதல் பேச்சிலேயே சொல்லுங்கள். அனுமதிக்கும் நாடுகளில்கூடப் பெரும்பாலும் அதை வாங்கி வைத்துக்கொண்டு கிளம்பும் நாளில்தான் தருவார்கள். மது அதிகம் இருந்தால் ஒரு அலமாரியில் வைத்து சீல் வைக்கக் கேளுங்கள். சொன்ன பொருளால் வரும் சிக்கல் பெரும்பாலும் ஒரு படிவத்தோடு முடியும். அதே பொருளை மறைத்துப் பிடிபட்டால் அபராதம், சில நேரம் படகே பறிபோகும்.

காகிதங்களில் முதலிடம் க்ரூ லிஸ்டுக்கு, அதாவது படகில் இருப்பவர்களின் பட்டியலுக்கு. பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், நாடு, படகில் என்ன பொறுப்பு. பல பிரதிகள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இமிகிரேஷன், கஸ்டம்ஸ், துறைமுகம், சுகாதாரம் எல்லாரும் ஆளுக்கொன்று கேட்பார்கள். படகின் பெயரும் பதிவு எண்ணும் கொண்ட ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று பல ஸ்கிப்பர்களிடம் இருக்கும். சட்டம் அதைக் கேட்பதில்லை, இருந்தாலும் சில மேஜைகளில் அந்த முத்திரை விழுந்ததும் வேலை வேகமாக நகர்கிறது. பதிவுச் சான்று, காப்பீடு, உரிமையாளர் உடன் வராவிட்டால் அவர் எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதம் ஆகியவை அசலாக இருக்க வேண்டும்.

அந்தப் பட்டியலில் பெயர் இருக்கும்வரை அந்த ஆளுக்கு ஸ்கிப்பர் பொறுப்பு. நடுவில் மனம் கசந்து ஒரு பையன் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவான். நட்பாகப் பிரிந்தாலும் சண்டையிட்டுப் பிரிந்தாலும் சரி, இமிகிரேஷனில் போய் அவன் பெயரை முறைப்படி நீக்க வேண்டும். நீக்காவிட்டால் கிளம்பும் நாளில், வந்தவர்கள் நான்கு, போகிறவர்கள் மூன்று, ஒருவர் எங்கே என்ற கேள்விக்கு ஸ்கிப்பர்தான் பதில் சொல்ல வேண்டும். படகில் சேர ஒருவழி டிக்கெட்டில் பறந்து வருகிறவருக்கும் கேப்டனின் கடிதமும் படகின் ஆவண நகலும் கையில் இல்லையென்றால் ஏறும் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். இதை நாங்கள் மின்னஞ்சலில் அனுப்பி வைப்பது வழக்கம்.

மனிதருக்கு ஒரு கெடு, படகுக்கு ஒரு கெடு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கிறவர், வெளியே பதிவான தன் படகை வரி கட்டாமல் அங்கே 18 மாதம் வைத்திருக்கலாம். ஆனால் தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் பகுதியில் விசா விலக்கோடு வருகிறவர் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் இருக்கலாம். படகு இருக்கலாம், படகுக்காரர் போக வேண்டும். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகி 2021 பிறந்ததிலிருந்து, ஆங்கிலக் கால்வாய் தாண்டி வார இறுதியில் பிரான்ஸ் போய் வந்த பிரிட்டிஷ் படகுகளுக்கும் இதே கணக்குதான். பழகிய சிறு துறைமுகத்தில் பாஸ்போர்ட்டைச் சரிபார்க்க ஆள் இல்லை, அங்கீகாரம் பெற்ற நுழைவுத் துறைமுகத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

மேஜைக்குக் கீழே கேட்கும் இடங்களும் உண்டு, சிகரெட் பாக்கெட்டிலிருந்து ஆரம்பிக்கும். அப்படி ஒரு துறைமுகத்தில் நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: முகம் சுளிக்காமல், அலுவலகக் கட்டணம் எவ்வளவோ தருகிறேன், ரசீது தாருங்கள் என்று மட்டும் கேட்க வேண்டும். கேட்டார்கள், பேச்சு அதோடு நின்றது.

கிளம்புவதும் வருகையைப் போலவே முக்கியம். முறைப்படி புறப்பட்டதற்கு முந்தைய துறைமுகம் தரும் கிளியரன்ஸ் சான்று இல்லாமல் அடுத்த நாட்டில் கதவு திறப்பது கடினம். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் இதைச் சார்ப்பே என்பார்கள். அமெரிக்கக் கொடியுள்ள உல்லாசப் படகு அமெரிக்காவை விட்டுக் கிளம்பும்போது அங்கே யாரும் அதைக் கட்டாயப்படுத்துவதில்லை, ஆனால் போய்ச் சேரும் நாடு கேட்கும். அதனால் அங்கிருந்து புறப்படுகிறவர்களிடம் சுங்கத்தில் 1300-ஆம் எண் படிவத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்வேன். சான்று கையில் வந்தபின் 24 மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும் என்று பல இடங்களில் விதி இருக்கிறது. காற்று மாறி, அலை எழுந்து, போக முடியவில்லை என்றால் ஒளிந்து நங்கூரமிட்டுக் கிடக்க வேண்டாம். அலுவலகத்துக்குப் போய், வானிலை அறிக்கையைக் காட்டி, தேதியை மாற்றிக் கேளுங்கள். கடலைத் தெரிந்த அதிகாரி யாரும் அதற்கு மறுத்து நான் பார்த்ததில்லை.