ஞாயிறு இரவு ஸ்லாட்

மார்ச் 3, 2025, திங்கள்

ஞாயிறு நிகழ்ச்சிக்கு நான் எடிட் செய்யவேண்டிய ஃபுட்டேஜ் வந்தாச்சு. புருஷனிடம் அடிபட்டதைச் சொல்லும் அக்காவின் முகத்தை மறைப்பதாக ரிப்போர்ட்டர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். ஒப்புதல் படிவத்தில் அந்த வரி இல்லை.

முகத்தை மறைப்பது சுலபம். பின்னால் கொடியில் பிள்ளையின் யூனிஃபார்ம் காய்கிறதே, அதை என்ன செய்ய? மெரூன் கட்டம், சட்டைப்பையில் பள்ளிச் சின்னம். அந்த ஊர்க்காரர்களுக்கு அது போதும்.

மார்ச் 4, செவ்வாய்

யூனிஃபார்ம், கடைப் பெயர் போட்ட காலண்டர், கரண்ட் மீட்டரில் எழுதியிருந்த எண், எல்லாம் மூடியாச்சு. திரை முழுக்கத் திட்டுத்திட்டாக இருக்கிறது. தயாரிப்பாளர் பார்த்துவிட்டு, "கண்ணே தெரியலைன்னா யாருய்யா உருகுவா?" என்றார்.

மார்ச் 5, புதன்

அக்கா போன் செய்தார். "தம்பி, அந்த சூடு போட்ட விஷயம் வேணாம். அது எங்க நாத்தனாருக்கு மட்டும்தான் தெரியும்."

முழு நிகழ்ச்சியும் அதன் மேல்தான் நிற்கிறது.

மார்ச் 6, வியாழன்

ரேட்டிங் வரும் நாள். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் போல ஆளாளுக்கு போனைப் பார்க்கிறார்கள்.

இன்று முழுக்க ஒரே யோசனை. பாலியல் குற்றமாக இருந்தால் சட்டம் என் பக்கம் நிற்கும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை. குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. எதிரே இருப்பவர் யாராக இருந்தாலும் பிரிவு எண்ணைச் சொன்னால் வாயை மூடிக்கொள்வார். புருஷன் அடித்தான், சூடு வைத்தான் என்றால் அந்தப் பிரிவு வராது. அக்காவுக்கு இருப்பது ரிப்போர்ட்டர் கொடுத்த வாக்கும் என் எடிட் மேஜையும்தான்.

மத்தியானம் இதைச் சொன்னேன். தயாரிப்பாளர் 1995இல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் வந்த இளவரசி டயானா பேட்டியை இழுத்தார். "முகத்தைக் காட்டிப் பேசினாங்க, உலகமே பார்த்துச்சு." பார்த்ததுதான். அந்தப் பேட்டிக்காக அவருடைய தம்பியிடம் போலி வங்கி ஆவணங்களைக் காட்டியிருக்கிறார்கள் என்று 2021இல் பிபிசி அமைத்த விசாரணையின் டைசன் அறிக்கை சொன்னதே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன். "நாம என்ன போலியா காட்டினோம்?" என்று எழுந்து போய்விட்டார்.

போலி இல்லை. சரி. ரிப்போர்ட்டர் கிட்டத்தில் உட்கார்ந்து "அக்கா, நாங்க இருக்கோம்" என்று சொன்னதைக் கேட்டேன், கேமராவுக்கு வெளியே. மைக் ஆனில் இருந்தது.

மார்ச் 7, வெள்ளி

குரல். அதை மறந்தே போயிருந்தார்கள். சுருதியை இறக்கினால் போதாது, அதே அளவு ஏற்றினால் பழைய குரல் கிட்டத்தட்ட வந்துவிடும். லேப்டாப் இருக்கிற எந்தப் பையனும் செய்வான். வேறொருவரை அதே வார்த்தைகளைப் பேசவைத்து ஏற்றுவதுதான் வழி. டப்பிங்குக்கு பட்ஜெட் இல்லையாம். கணக்குப் பிரிவில் இருக்கும் இன்னொரு அக்காவிடம் கெஞ்சினேன். அருமையாகப் பேசினார், நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் கேட்டார்.

மார்ச் 8, சனி

மகளிர் தினம். வரவேற்பறையில் கேக்.

மார்ச் 9, ஞாயிறு

நிகழ்ச்சி இன்று இல்லை. சாம்பியன்ஸ் டிராபி ஃபைனல், துபாயில் இந்தியாவும் நியூசிலாந்தும். யார் நம்மைப் பார்ப்பார்கள் என்று அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அக்காவிடம் சொன்னேன். "இன்னும் ஏழு நாளா தம்பி?" என்றார். அது நிம்மதியா எரிச்சலா என்று பிடிபடவில்லை.

இந்தியா ஜெயித்தது. தெருவில் வெடி.

மார்ச் 11, செவ்வாய்

சூடு போட்டதை எடுத்துவிட்டேன். நிகழ்ச்சி நான்கு நிமிடம் குறைகிறது. நிபுணர் பேச்சை நீட்டலாம், அவர் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவார். தயாரிப்பாளர் இன்னும் பார்க்கவில்லை.

மார்ச் 12, புதன்

ப்ரோமோ காலையிலிருந்து ஓடுகிறது, யூடியூபிலும் ஏறிவிட்டது. முகம் மறைந்திருக்கிறது. குரல் அக்காவுடையதேதான். முதல் வரியே சூடு. ப்ரோமோ பிரிவு பழைய ரஃப் கட்டிலிருந்து வெட்டியிருக்கிறது. மாடிக்குப் போகிறேன்.