ஹீட் பம்ப் ஃபியூஸ் மறுபடி மறுபடி போகிறதா? செய்முறைத் தேர்வுக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்

ஒன்ராறியோவில் 313டி, அதாவது வீட்டு ஏசி மெக்கானிக் பயிற்சியில் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். எழுத்துத் தேர்வுக்கு 70 சதவீதம் வேண்டும், அதைப் படித்தே எடுத்துவிடலாம். வகுப்பில் வைக்கும் செய்முறைத் தேர்வுதான் ஆளைச் சோதிக்கும். அதில் 24 வோல்ட் கட்டுப்பாட்டு வயர்களைக் காக்கும் ஃபியூஸ் பழுதில் நான் முதல் தடவை தவறினேன்.

அன்று எனக்குக் கொடுத்த ஹீட் பம்ப்பில், அதாவது குளிரூட்டவும் சூடாக்கவும் செய்யும் யூனிட்டில், ஊதா நிற 3 ஆம்பியர் ஃபியூஸ் எரிந்திருந்தது. புதிதாக ஒன்றைச் செருகி ஹீட்டிங்கில் ஓட்டினேன், பத்து நிமிடம் நன்றாக ஓடியது. ஃபியூஸ் பழசு, மாற்றியாயிற்று என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் வெளி யூனிட்டின் போர்டில் இருந்த இரண்டு டெஸ்ட் முனைகளைச் சேர்த்து அதை டிஃப்ராஸ்டுக்கு, அதாவது வெளியே உறைந்த பனியை உருக்கும் ஓட்டத்துக்கு, கொண்டுபோனார். உடனே ஃபியூஸ் போய்விட்டது.

காரணம் இதுதான். பெரும்பாலான யூனிட்களில், ஹீட்டிங்குக்கும் கூலிங்குக்கும் இடையே மாற்றும் ரிவர்சிங் வால்வின் காயிலுக்குக் (கம்பிச்சுருளுக்கு) குளிரூட்டும்போதுதான் மின்சாரம் போகும், ஹீட்டிங்கில் போகாது. ஆனால் வெளியே பனி உறைந்து டிஃப்ராஸ்ட் தொடங்கினால் அந்தக் காயிலும் உயிர் பெறும், கூடவே வீட்டுக்குள் இருக்கும் துணை ஹீட்டருக்கும் அழைப்பு போகும். அதனால் "ராத்திரியில் மட்டும் எப்போதாவது போகிறது" என்று வீட்டுக்காரர் சொன்னால் அதை அலட்சியம் செய்யாதீர்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. தெர்மோஸ்டாட்டிலிருந்து ஹீட்டிங் அழைப்பு வந்தவுடன் போனால், கம்ப்ரஸரை இயக்கச் சொல்லும் Y வயரையும், கம்ப்ரஸருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான காண்டாக்டரின் காயிலையும் பாருங்கள். ஃபேனை மட்டும் போட்டதும் போனால் ஃபேன் வயரான G. எந்த அழைப்பும் இல்லாமல் மெயின் போட்டவுடனே போனால் 24 வோல்ட்டைக் கொண்டுவரும் R வயரிலோ தெர்மோஸ்டாட்டுக்குப் போகும் கேபிளிலோ ஷார்ட் இருக்கலாம்.

அப்புறம் மீட்டர். முதலில் மெயினை அணையுங்கள், வோல்டேஜ் இல்லை என்று அளந்தும் பாருங்கள். உள் போர்டிலிருந்து வயர்களைக் கழற்றி, Y, O (ரிவர்சிங் வால்வ்), W (துணை ஹீட்டர்), G ஒவ்வொன்றுக்கும் C-க்கும் (எல்லாவற்றுக்கும் பொதுவான திரும்பும் வயர்) இடையில் ஓம் அளவு எடுங்கள். நல்ல காண்டாக்டர் காயில் பொதுவாகப் பத்திலிருந்து இருபது ஓம் வரை காட்டும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். இதில் இன்னொன்று, டிஃப்ராஸ்ட் போர்டின் ரிலே நடுவில் இருப்பதால் உள்ளே நின்று அளக்கும்போது வால்வ் பக்கத்துப் பழுது தெரியாமல் போகலாம். வெளியே போய், காயிலின் இரு முனைகளையும் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் செம்புக் குழாய்க்கும் இடையில் அளந்து பாருங்கள். இணைப்பு இருப்பதாக மீட்டர் காட்டக்கூடாது. அளக்கும்போது வயரைக் கையால் மெதுவாக அசைத்துக்கொண்டே இருங்கள், ஏனென்றால் கம்ப்ரஸர் அதிரும்போது மட்டும் தொடும் வயர், சும்மா இருக்கும்போது சரியாகவே காட்டும்.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு ஃபியூஸைப் பலி கொடுக்க வேண்டியதில்லை. திரும்ப அமுக்கி விடக்கூடிய 3 ஆம்பியர் பிரேக்கர் ஒன்று வாங்கி ஃபியூஸ் இடத்தில் செருகிக்கொண்டு, வயர்களை ஒவ்வொன்றாகத் திரும்ப இணைத்து, எதில் விழுகிறது என்று பாருங்கள். தயவுசெய்து போர்டில் எழுதியிருப்பதைவிடப் பெரிய ஃபியூஸைப் போடாதீர்கள். 40 விஏ டிரான்ஸ்ஃபார்மர் 24 வோல்ட்டில் தருவது சுமார் 1.7 ஆம்பியர்தான், ஃபியூஸ் தாங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் கருகும்.

இரண்டாவது முயற்சியில் முதலில் கண்ணால் தேடினேன். வால்வுக்குப் போகும் வயர் செம்புக் குழாயின் வளைவில் உரசிக்கொண்டிருந்தது. தோல் தேய்ந்து, அரிசி மணி அளவுக்குச் செம்பு மின்னியது, அதற்கு நேராகக் குழாயில் ஒரு சின்னக் கரும்புள்ளி. C பெரும்பாலும் யூனிட்டின் உலோக உடம்போடு இணைந்திருப்பதால் குழாயைத் தொட்டாலே ஷார்ட்தான். அடிபட்ட துண்டை வெட்டி இணைத்து, மேலே ஸ்லீவ் போட்டு, குழாயிலிருந்து விலக்கிக் கட்டினேன். பிறகு ஹீட்டிங், கூலிங், டிஃப்ராஸ்ட் மூன்றிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் விடைத்தாளில் கை வைத்தேன்.