பார்சல் ஆபீஸ்ல உக்காந்து சிறுகதை எழுதுறது

கோவில்பட்டியில ஒரு லாரி பார்சல் ஆபீஸ்ல புக்கிங் பாக்குறேன், சிறுகதையும் எழுதுறேன். ரெண்டையும் சேத்துச் சொன்னா எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், "எப்பங்க எழுத நேரம் கிடைக்குது?" நேரம் கூட எப்படியாவது கிடைச்சுரும். கதை கிடைக்கிறதுதான் பெரிய விஷயம், எனக்கு அது அந்த கவுண்டர்லதான் கிடைக்குது. இதப் பத்தி நீளமா ஒருதடவை எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கிடந்துச்சு.

காலையில ஷட்டரத் தூக்குனதும் ராத்திரி வந்த வண்டியில இருந்து சரக்க இறக்கி, எல்.ஆர், அதாவது லாரி சரக்கு ரசீது, அதப் பாத்து ஒவ்வொண்ணா டிக் அடிக்கணும். அப்புறம் டெலிவரி எடுக்க வர்றவங்க. "எங்க சரக்கு வந்துருச்சா", "இது நனைஞ்சிருக்கே", "போன தடவை இவ்வளவு வாடகை இல்லையே"ன்னு மதியம் வரைக்கும் பேச்சு ஓயாது. சாயங்காலம் புக்கிங், தீப்பெட்டி பண்டல், கடலைமிட்டாய் பெட்டி, மோட்டார் பம்பு, கல்யாண வீட்டுப் பாத்திரம்னு வந்து குவியும். நடுவுல ரெண்டு மணிக்கு மேல ஒரு அமைதி வரும் பாருங்க, லோடுமேன் அண்ணாச்சிமார் சாக்க விரிச்சுப் படுத்துருவாங்க, ஃபேன் சத்தம் மட்டும்தான். பழைய எல்.ஆர் புக்கோட பின்பக்கம் வெள்ளையா இருக்கும், அதுலதான் முதல் டிராஃப்ட் எழுதுறது. கம்ப்யூட்டர் முன்னாடியே இருக்கு, ஆனா அதத் திறந்தா சரக்குக்குப் போடுற ஈ-வே பில் ஞாபகம்தான் வருது.

ஒரு கதை எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். திருப்பூர்ல இருந்து ஒரு மூட்டை வந்துச்சு, சாக்குல வச்சுத் தைச்சது, டு பே, அதாவது வாடகைய வாங்குறவங்க கட்டணும். மேல மார்க்கர்ல பேரும் செல் நம்பரும் எழுதியிருக்கு, நம்பர் போட்டா சுவிட்ச் ஆஃப். அனுப்புன இடத்துலயும் சரியா பதில் இல்ல. குடோன்ல அப்படியே கிடந்துச்சு. எங்க லோடுமேன் அண்ணாச்சி ஒருத்தர் தினமும் காலையில கூட்டும்போது அத நகத்தி வச்சுட்டு, "என்ன, இன்னிக்காவது உங்க வீட்டு ஆளு வருவாகளா?"ன்னு அந்த மூட்டைகிட்ட கேப்பாரு. சிரிப்புக்காக இல்ல, நெசமாவே விசாரிக்கிற மாதிரி கேப்பாரு. அத முதல்ல காதுல வாங்குன அன்னிக்கே உள்ள ஏதோ புடிச்சுக்கிச்சு.

எழுத உக்காந்தா மூட்டைக்குள்ள என்ன இருக்குங்கிற கேள்விதான் முன்னாடி வந்து நிக்குது. அதப் பிரிச்சா கதை உள்ள இருக்குற பொருளப் பத்தினதா ஆயிரும், பிரிக்காம விட்டா அந்த மனுஷனப் பத்தினதா இருக்கும். பிரிக்கல. டிராஃப்ட்ல ஒரு வரி இருந்துச்சு, "யாரும் வாங்க வராத அந்த மூட்டையைப் பார்க்கும்போது அவருக்குத் தன் தனிமை நினைவுக்கு வந்தது"ன்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அவரு அப்படி நெனக்கிற ஆளே கிடையாது, அது நான் மேல இருந்து ஒட்டுன ஸ்டிக்கர். அத எடுத்துட்டு, "மூட்டையை நகர்த்திவிட்டு அது இருந்த இடத்தைக் கூட்டினார். குப்பை இல்லை. இன்னொரு தடவை கூட்டினார்"ன்னு வச்சேன். இந்த மூணு வாக்கியத்துக்கு வந்து சேர எவ்வளவு நாள் புடிச்சுச்சுன்னு வாசிக்கிறவங்களுக்குத் தெரியவே கூடாது. ஆனா சிறுகதைக்காரன் வேலைன்னா இதுதான், முக்காவாசி எடுக்குற வேலை.

முடிச்சதும் போன்ல ரெக்கார்ட் போட்டு சத்தமா வாசிப்பேன், மறுநாள் பஸ்ல ஹெட்போன் போட்டுக் கேப்பேன். பேச்சு வர்ற இடத்துல பொய் இருந்தா காதுல உடனே மாட்டிக்கும். எங்க ஊர்ப் பக்கம் ஒரு ஆளு கோவமா இருக்கும்போதுதான் மரியாதை ஜாஸ்தி போட்டுப் பேசுவாரு, "நீங்க நல்லா இருப்பீகய்யா"ன்னு சொன்னா சண்டை ஆரம்பம்னு அர்த்தம், இது கண்ணுல படிக்கும்போது தெரியாது.

இந்த ஊர்ல இருந்து எழுதுறவனுக்கு இடைசெவல் பக்கத்துலயே இருக்கு. கி.ராஜநாராயணன், கு.அழகிரிசாமி ரெண்டு பேரும் அந்த ஒரே கிராமம், சின்ன வயசுல இருந்து சிநேகிதம். கி.ரா. சம்சாரியா, அதாவது விவசாயியா ஊரோட இருந்து முப்பது வயசு தாண்டித்தான் கதை எழுத வந்தாரு. அழகிரிசாமி அரசாங்க வேலையில இருந்து கிளம்பி சென்னையில பத்திரிகை, அப்புறம் மலாயாவுல தமிழ் நேசன்னு வேலைக்காக அலைஞ்சவரு, 1970-ல அவரு போனப்புறம்தான் சாகித்ய அகாடமி விருது வந்துச்சு. ரெண்டு பேரும் கதையில இருந்து வந்த காசுல மட்டும் வீடு நடத்துனவங்க இல்ல.

தேடிப் பாத்தா கிட்டத்தட்ட எல்லாருக்கும் இந்தக் கதைதான். அசோகமித்திரன் 1966 வரைக்கும் ஜெமினி ஸ்டுடியோவுல இருந்தாரு, அங்க அவரோட வேலையில ஒண்ணு பேப்பர்ல வர்ற செய்திய வெட்டி ஃபைல்ல சேக்குறது. வண்ணதாசன் பேங்க்ல வேலை பாத்தவரு. நாஞ்சில் நாடன் பம்பாயில கம்பெனி வேலை, ஊர் ஊரா அலையிற விற்பனை வேலை. மேலாண்மை பொன்னுச்சாமி அஞ்சாவதோட படிப்ப நிறுத்திட்டு எங்க பக்கத்து விருதுநகர் மாவட்டத்துல சின்னக் கிராமத்துல மளிகைக் கடை வச்சிருந்தாரு, 2007-ல அவருக்கு அகாடமி விருது கொடுத்தது சிறுகதைத் தொகுப்புக்குத்தான். 2010-ல நாஞ்சில் நாடனுக்கும் 2016-ல வண்ணதாசனுக்கும் அப்படியே, சிறுகதைக்குத்தான். கடையில சாமான் மடிக்கிற கையி எழுதுன கதைன்னு நெனச்சுப் பாக்கும்போது எனக்கு இந்த கவுண்டர்ல உக்காந்திருக்கிறதுக்கே தெம்பு வருது.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. புதுமைப்பித்தன் தினமணியில உதவி ஆசிரியரா இருந்தாரு, மொழிபெயர்த்தாரு, சினிமாவுக்கு எழுதப் போனாரு, 1948-ல காசநோயில செத்துப்போகும்போது வயசு நாப்பத்திரெண்டு. இத மேடையில பேசுறவங்க "வறுமையிலும் எழுதினார்"னு ஒரு பெருமையோட சொல்லுவாங்க, கேக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவரு பட்ட பாட்டுல இருந்து அந்தக் கதைங்க வரல, அந்தப் பாட்டையும் மீறி வந்துச்சு. இன்னும் இருவது வருஷம் இருந்திருந்தா என்னென்ன எழுதியிருப்பாரோ, அந்தக் கணக்க யாரும் மேடையில சொல்றதில்ல.

காசு விஷயத்துக்கு வர்றேன். புத்தகத்துக்கு ராயல்டி பொதுவா பத்து சதவீதம். 200 ரூபா புத்தகம்னா ஒரு பிரதிக்கு 20 ரூபா, 300 பிரதி வித்தா 6,000 ரூபா. ஒரு தொகுப்புக்குத் தேவையான கதை சேர வருஷக்கணக்கா ஆகும், அத்தனைக்கும் சேத்துத்தான் இந்த ஆறாயிரம். இப்ப பிரிண்ட் ஆன் டிமாண்ட் வந்தப்புறம் தேவைக்கு அம்பது, நூறுன்னு போட்டுக்கிறாங்க, பதிப்பாளருக்கு முதல் முடங்குறதில்ல, அது நியாயம்தான். இதழ்கள்ல வணிகப் பத்திரிகைன்னா ஏதோ கொடுப்பாங்க. ஆனா அங்க கதைக்கான பக்கம் சுருங்கிக்கிட்டே வந்து ஒரு பக்கக் கதையில நிக்குது. 1941-ல ஆரம்பிச்ச கல்கியே 2020-ல கொரோனா நேரத்துல அச்ச நிறுத்திட்டு இணையத்துக்குப் போயிருச்சு. சிற்றிதழ், இணைய இதழ்ல பெரும்பாலும் சன்மானம் கிடையாது, நடத்துறவங்களே கைக்காசு போட்டுத்தான் நடத்துறாங்கன்னு தெரியும், அதனால அவங்ககிட்ட கேக்க வாய் வராது.

புத்தகக் கண்காட்சிக்குப் போனா ஸ்டால்ல கேக்குறது "நாவல் ஏதும் எழுதியிருக்கீங்களா?" பதிப்பாளர்களும் அன்பாத்தான் சொல்றாங்க, நாவல் எழுதுங்க, தொகுப்பு போக மாட்டேங்குதுன்னு. எனக்கு அதுல உடன்பாடே இல்ல. சிறுகதைங்கிறது நாவலுக்கு முன்னாடி எடுக்குற பயிற்சி இல்ல, அந்த மூட்டைக் கதைய முன்னூறு பக்கத்துக்கு இழுத்தா மூட்டையப் பிரிச்சே ஆகணும்.

ஒரு இதழ் ஆசிரியரப் பத்தி சொல்லணும், பேரு வேண்டாம். அந்த மூட்டைக் கதைய அனுப்பி ஒரு வாரத்துல போன் பண்ணாரு. "தம்பி, கடைசி பாரா வேண்டாமே, அவரு ரெண்டாந்தடவை கூட்டுற இடத்துலயே முடிஞ்சிருச்சு. ஆனா உங்க கதை, நீங்க சரின்னு சொன்னாத்தான் அந்தப் பாராவ எடுப்பேன்"னாரு. கதையத் திரும்பத் திரும்பப் படிச்சவரோட குரல் அது, கேட்டாலே தெரியும். சரின்னேன். நான் எழுதுற வேலைய வேலையா மதிச்சு ஒருத்தர் பேசுறது அப்படித்தான் இருக்கும். அனுப்புன கதைக்கு மாசக்கணக்கா பதிலே இல்லாம இருக்குற இடங்களும் உண்டு, அங்க கிடக்குற கதைய வேற எங்கயும் அனுப்பவும் முடியாது, வருதா வரலையான்னும் தெரியாது.

அதனால இதழ் நடத்துறவங்ககிட்ட நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. வேண்டாம்னா வேண்டாம்னு ரெண்டு மாசத்துக்குள்ள ஒரு வரி மெயில் போடுங்க. தலைப்ப மாத்துறதுன்னா ஒரு போன் பண்ணிக் கேளுங்க. அச்சுல வந்தா ரெண்டு பிரதி தபால்ல அனுப்புங்க. விளம்பரமும் சந்தாவும் ஓரளவு வர்ற இதழா இருந்தா ஒரு கதைக்கு ஐந்நூறு ரூபாயாவது கொடுங்க. எங்க ஆபீஸ்ல ஒரு மூட்டை இறக்குனாலும் அன்னிக்குச் சாயங்காலமே கூலிய எண்ணிக் கையில கொடுத்துருவாங்க.