பேக்கப் ஓகே, ரீஸ்டோர் ஆகுமா?

அலுவலக நெட்வொர்க்கில் உள்ள கணினிகளின் கோப்புகளைப் பாதுகாக்கும் பொறுப்பு என்னிடம் வந்ததிலிருந்து பாக்குலாவோடுதான் புழங்குகிறேன். 2000-இல் எழுதத் தொடங்கி 2002-இல் வெளியான, பேக்கப் எடுப்பதற்கான திறமூல மென்பொருள் அது. அதன் பகுதிகளில், எப்போது, எதை எடுக்க வேண்டும் என்று உத்தரவு போடுவது டைரக்டர். ஒவ்வொரு கணினியிலும் இருந்து கோப்புகளைப் படித்து அனுப்புவது ஃபைல் டீமன் (டீமன் என்றால் பின்னணியில் ஓடும் நிரல்). அதை வாங்கி டிஸ்கிலோ டேப்பிலோ எழுதுவது ஸ்டோரேஜ் டீமன். எந்தக் கோப்பு எந்தத் தேதியில் எந்த வால்யூமில் (பேக்கப் எழுதப்படும் டேப் அல்லது டிஸ்க் கோப்பு) போனது என்ற கணக்கெல்லாம் கேட்டலாக் என்ற டேட்டாபேஸில் இருக்கும்.

தினமும் காலையில் 'பேக்கப் ஓகே' என்று மெயில் வரும். அதை மட்டும் வைத்துக்கொண்டு நான் நிம்மதியாக இருப்பதில்லை. எடுக்கச் சொன்னதை எடுத்தாயிற்று என்றுதான் அது சொல்கிறது. எடுக்க வேண்டியதெல்லாம் வந்து சேர்ந்ததா என்பது திருப்பி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால் அவ்வப்போது ஏதாவது ஒரு ஃபோல்டரை வேறொரு இடத்தில் ரீஸ்டோர் செய்து, சர்வரில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

அப்படி ஒரு முறை பார்த்தபோது வரைபடப் பிரிவின் ஃபோல்டர் ஒன்று முழுதாகக் காணோம். பேக்கப் ஒரு நாள்கூடத் தவறவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. விசாரித்ததில், அந்த வாரம்தான் ஒருவர் பழைய வேலைகளைத் தன் கணினியிலிருந்து பொது சர்வருக்கு மாற்றியிருந்தார். கோப்புகளின் தேதிகள் பழையபடியே இருந்தன. இன்கிரிமென்டல் பேக்கப் தேதியைத்தான் பார்க்கும்: போன பேக்கப்புக்குப் பிறகு மாறியதை மட்டும் எடுக்கும். இந்தக் கோப்புகளின் தேதியோ அதற்கு முந்தையது, ஆகவே ஒதுக்கிவிட்டது. எல்லாக் கோப்புகளையும் எடுக்கும் அடுத்த ஃபுல் பேக்கப் வரும்வரை அவற்றுக்கு இரண்டாவது பிரதி கிடையாது. அழித்த கோப்புகளிலும் இதே சிக்கலின் மறுபக்கம் உண்டு. ஃபுல்லுக்குப் பிறகு ஒருவர் வேண்டாமென்று அழித்தவை, ரீஸ்டோர் செய்யும்போது மறுபடி முளைத்து நிற்கும். 'அக்யூரேட்' என்ற அமைப்பைப் போட்டால் இரண்டும் சரியாகும். முந்தைய கோப்புப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால் நினைவகமும் நேரமும் கூடுதலாகப் பிடிக்கும். என் கணக்கில் அது கொடுக்க வேண்டிய விலைதான்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் நிறுவனத்தில் நடந்ததை இந்த வேலைக்கு வருகிற புதியவர்களிடம் தவறாமல் சொல்வேன். தவறுதலாக முக்கிய டேட்டாபேஸ் அழிந்துபோனது. தேடிப் பார்த்தால், மென்பொருளின் பதிப்பு பொருந்தாததால் பேக்கப் ஏற்கெனவே ஓடாமல் நின்றிருந்தது. அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மெயில்களும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரம் முன்பு வேறொரு காரணத்துக்காக எடுத்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்தில் டேட்டா இருந்தபடியே எடுத்த பிரதி) இருந்ததால் தப்பித்தார்கள். நடந்ததை ஒளிக்காமல் வெளியில் எழுதினார்கள், அதற்காக அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை. அந்த மெயில் விஷயத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று: தோல்வி மெயிலுக்காகக் காத்திருக்கக் கூடாது. காலையில் ஓகே மெயில் வரவில்லை என்றாலே எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.

கேட்டலாக்கையும் பேக்கப் எடுத்து வேறொரு கணினியில் வைக்க வேண்டும். அது போய்விட்டால் வால்யூம்கள் பத்திரமாக இருந்தும் தேவையானதைத் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அப்புறம், ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய நிரல்) கைக்கு எட்டாதபடி ஒரு பிரதி நெட்வொர்க்கில் இணைக்கப்படாமல் தனியாக இருக்க வேண்டும்.

யாராவது "சார், என் ஃபைல் போச்சு" என்று வந்தால் நான் கேட்பது, "கடைசியா எப்போ நல்லா இருந்ததைப் பாத்தீங்க?" ஃபைலின் பெயரைவிட இதற்கான பதில்தான் முக்கியம். முந்தாநாளே கெட்டுப்போன கோப்பு நேற்றைய பேக்கப்பில் கெட்டபடியேதான் இருக்கும். அவர் சொல்லும் தேதிக்கு முந்தைய பிரதியை வேறு ஃபோல்டரில் எடுத்து வைத்து, அவரையே திறந்து பார்க்கச் சொல்வேன். இதுதான் என்று அவர் சொன்ன பிறகே பழைய இடத்துக்கு மாற்றுவேன். கெட்டுப்போன கோப்பையும் உடனே அழிப்பதில்லை. பெயர் மாற்றிப் பக்கத்திலேயே வைக்கிறேன், பேக்கப்புக்குப் பிறகு அவர் சேர்த்த வரிகள் அதில் மட்டும்தான் இருக்கும்.