வேருக்குக் கேட்காத சத்தம்

பேட்டரியில் ஓடும் புல்வெட்டியின் தலையைத் திருப்பிப் பிடித்ததும் நைலான் இழை செங்குத்தாகச் சுழன்று, சிமெண்ட் ஓரத்துப் புல்லைக் கோடு போட்டதுபோல் வெட்டியது.

“பெட்ரோல் எங்கே ஊற்றுவது, தம்பி?” வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுத் தாத்தா.

18 வோல்ட் பேட்டரியைக் கழற்றிக் காட்டினேன்.

எங்கள் மலேசிய ஊரான சுங்கை சிப்புட்டில் மதிய மழை முந்திக்கொண்டால் அவ்வளவுதான், ஈரப்புல் புல்வெட்டியின் தலையில் சுற்றிக்கொள்ளும்.

கறிவேப்பிலை அடியில் மட்டும் கையால்தான் பிடுங்குவேன். இழை பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் இலையின் உணவு வேருக்கு இறங்காது. மரம் மெல்லப் பட்டுப்போகும்.

எஸ்டேட் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றவர்களுக்குப் புல் வெட்டுவது கூலி. நமக்கு ஞாயிற்றுக்கிழமை உற்சாகம், அதுவும் காசு கொடுத்து!

தாத்தா மசியவில்லை. “லாலாங்குப் புல்லுக்குக் கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறதே?”

உண்மைதான். நாளை மண்வெட்டியோடு வருகிறாராம்.