பேரிங் எங்கே இறுக வேண்டும்?

புதிதாக டிசைன் பிரிவுக்கு வருகிறவர்கள் துளைக்கு எச்7, ஷாஃப்ட்டுக்கு ஜி6 என்று (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பதற்கான குறியீடுகள்) கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். கல்லூரிப் பழக்கம். கோவையில் பம்ப் மோட்டார் டிசைன் செய்யும் எனக்கு, அட்டவணையைத் திறப்பதற்கு முன் ஒன்று தெரிந்தாக வேண்டும்: சுற்றுவது எது, சுமை எந்தப் பக்கம் விழுகிறது?

6205 என்ற எண்ணுள்ள பேரிங்கையே எடுத்துக்கொள்வோம்: ஓர் உள்வளையம், ஒரு வெளிவளையம், நடுவே குண்டுகள். உள்விட்டம் 25 மி.மீ. மோட்டாரில் சுற்றும் பாகமான ரோட்டாரின் எடை எப்போதும் கீழ்நோக்கித்தான். உள்வளையம் ஷாஃப்ட்டோடு சுற்றுவதால் அதன் சுற்றளவு முழுக்க மாறி மாறிச் சுமை விழும். துளி லூஸ் இருந்தாலும் வளையம் ஷாஃப்ட்டின் மேல் மெல்ல நழுவ ஆரம்பிக்கும். கழற்றிப் பார்த்தால் செம்மண் அப்பியதுபோல் பழுப்புத் தூள். அதனால் இங்கே ஷாஃப்ட்டுக்கு இறுக்கமான கே5. அதாவது, ஷாஃப்ட் 25-க்கு மேல் 2 முதல் 11 மைக்ரான் வரை (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு). பேரிங் துளையோ 25-க்குக் கீழே 10 மைக்ரான் வரை இறங்கலாம். ஆக, இறுக்கம் 2 முதல் 21 மைக்ரான்.

வெளிவளையத்தில் சுமை ஒரே இடத்தில்தான் விழுகிறது. வெளிவளையம் உட்காரும் கூடான ஹவுசிங்குக்கு எச்7 போதும், கையால் தள்ளினாலே போய்விடும். ஷாஃப்ட் சூடாகி நீளும்போது ஒரு முனைப் பேரிங் நகரவும் வேண்டுமே. இரண்டு வளையத்தையும் இறுக்கினால் உறுதியாக இருக்கும் என்று வாதாடுபவர்கள் உண்டு. ஆனால் சாதாரண 6205-இல் குண்டுகளுக்கும் வளையங்களுக்கும் நடுவே உள்ள உள் இடைவெளியே 5 முதல் 20 மைக்ரான்தான். இறுக்கத்தில் பெரும்பகுதி அதைத்தான் தின்கிறது. உள் இடைவெளி கூடுதலான சி3 ரகப் பேரிங் வாங்குவதே அதற்குத்தான். அதில் 13 முதல் 28 வரை இருக்கும்.

அப்புறம், மாட்டுவது யார் என்ற கேள்வி. பேரிங்கை அறை வெப்பத்துக்கு மேல் 80 டிகிரி சூடாக்கினால் துளை ஏறக்குறைய 23 மைக்ரான் விரியும், வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். தொழிற்சாலையில் ஹீட்டர் இருக்கிறது. ரீவைண்டிங் கடையில் பெரும்பாலும் சுத்தியலும் பைப் துண்டும்தான். பைப் வெளிவளையத்தில் பட்டு அடி விழுந்தால், குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழும். அதற்காக ஃபிட்டைத் தளர்த்த எனக்கு மனம் வராது. பேரிங் உட்காரும் 15 மி.மீ.-க்கு மட்டும் கே5 வைத்து, அதற்கு முந்தைய நீளத்தைச் சற்று ஒல்லியாக்கிவிடுவேன். அடிக்க வேண்டிய தூரமாவது குறையுமே.

ஒருமுறை வெளியே கிரைண்டிங் செய்து வந்த ஷாஃப்ட்டுகளை மைக்ரோமீட்டரில் எப்படித் திருப்பி அளந்தாலும் அளவு சரி. மோட்டார் ஓடினால் மட்டும் பேரிங்கில் ஊளை. வி வடிவப் பள்ளம் கொண்ட வி-பிளாக்கில் வைத்துச் சுற்றியபோது, மேலே வைத்த டயல் கேஜின் முள் ஒரு சுற்றுக்கு மூன்று முறை ஏறி இறங்கியது. ஷாஃப்ட்டை மையத்தில் பிடிக்காமல் தேய்க்கும் சென்டர்லெஸ் கிரைண்டிங்கில் இப்படி மூன்று மேடு விழுவதுண்டு. இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளக்கும் கருவிக்கு அது தெரியாது. வட்டத்தன்மை 4 மைக்ரானுக்குள் என்று டிராயிங்கில் தனியாக எழுதினோம். சப்ளையர் விலையைக் கூட்டினார். அதற்கு ஈடாக, ஷாஃப்ட்டில் எதையும் தொடாத பகுதிக்கும் யாரோ பயந்துபோய் 20 மைக்ரான் கேட்டிருந்ததை ±0.1 மி.மீ. ஆக்கிக் கொடுத்தோம். “இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமே சார்” என்று பழைய விலைக்கே ஒத்துக்கொண்டார்.