கண்ணைக் கட்டிக்கிட்டு நடந்தா புரிஞ்சிடாது

கோலாலம்பூர்ல பிரிக்பீல்ட்ஸ் பக்கம் சமூகப் பணியில இருக்கேன். தாமான் (குடியிருப்புப் பகுதி), கோயில் மண்டபம், தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கம்னு எங்க கூப்பிட்டாலும் போய் ஓகேயூ, அதாவது மாற்றுத்திறனாளி மக்களோட அன்றாட வாழ்க்கை எப்படி இருக்குன்னு புரிய வைக்கிறதுதான் வேலை. கூப்பிடுறவங்க முக்காவாசிப் பேர் கேக்குறது, கண்ணைக் கட்டி நடக்க விடுவீங்களே அந்த கேம் வைங்கன்னு. நான் வைக்கிறதில்ல. அஞ்சு நிமிஷம் கண்ணைக் கட்டினவருக்குத் தெரியுறது பயம் மட்டும்தான், பிறவியிலேயே பார்வை இல்லாதவர் அந்தப் பயத்தோடயா தினமும் வேலைக்குப் போறாரு? துணியை அவுத்ததும் ஐயோ பாவம், எப்படித்தான் இருக்காங்களோன்னு கண் கலங்குவாங்க, ஆனா அவருக்கே வீடு வாடகைக்குக் கேட்டா யோசிச்சு சொல்றேன்னு நழுவிடுவாங்க.

அதனால நான் ஓகேயூ ஒருத்தரைக் கூடவே கூட்டிட்டுப் போவேன், காலையில எழுந்ததுல இருந்து தன்னோட நாளை அவங்களே சொல்லுவாங்க. அவங்களுக்கு அலவன்ஸ் கொடுக்கணும்னு முன்னாடியே பேசிடுவேன், அது அவங்க உழைப்பு.

மலேசிய பார்வையற்றோர் சங்கம் 1951ல ஆரம்பிச்சது, இங்கதான் இருக்கு, அதைச் சுத்தி பார்வை இல்லாதவங்க நிறைய பேர் குடியிருக்காங்க, மசாஜ் சென்டர் வச்சு பிழைக்கிறாங்க. அப்படி ஒரு அண்ணன் வந்தா கூட்டம் அசையாது. 1 வெள்ளியும் (ரிங்கிட்) 5 வெள்ளியும் பிளாஸ்டிக் நோட்டு, தொட்டாலே தெரியும், நீளமும் வேற, மத்த நோட்டை எல்லாம் ஒவ்வொன்னையும் ஒரு மாதிரி மடிச்சு வச்சுக்குவேன்னு எடுத்துக் காட்டுவாரு. போன் எழுத்தைப் படிச்சுச் சொல்லுது, கிராப் அவரே புக் பண்றாரு, பிரச்சினை எங்கன்னா டிரைவர் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்னுக்கிட்டு 'அண்ணே, இங்கதான் கையைக் காட்டுறேன்'னு சொல்றது. ஒரு நிமிஷம் இறங்கி வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டா போதும்லா. கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, உங்க முழங்கையை அவர் பிடிச்சுக்கட்டும், நீங்க அரை அடி முன்னால நடங்கன்னு அங்கேயே ரெண்டு பேரை நடக்க வச்சுக் காட்டுவோம். நடைபாதையில மஞ்சள் கல் இருக்கே, நீளக் கோடு இருந்தா போகலாம், புள்ளி இருந்தா நில்லு, கவனின்னு அர்த்தம். அது அழகுக்குப் போட்டதுன்னு இத்தனை வருஷம் நினைச்சேன்னு ஒரு அக்கா சொன்னாங்க. அது மேலதான் மோட்டார் சைக்கிளை நிறுத்துறாங்க.

கோயில்ல பேசுறது கொஞ்சம் கஷ்டம். பொதுக் கட்டடத்துல மத்தவங்க மாதிரியே உள்ள போய் வர ஓகேயூ மக்களுக்கு உரிமை இருக்குன்னு 2008 மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்லுது, ஆனா மீறினா இன்ன தண்டனைன்னு அதுல வைக்கல, அதனால ஆளாளுக்குப் பேசித்தான் ஆகணும். ஒரு கோயில்ல பொருளாளர் நல்ல மனசோடதான் சொன்னாரு, 'ராம்ப் (சாய்தளம்) எதுக்கும்மா, நம்ம பசங்க நாலு பேர் வீல்சேரோட தூக்கிடுவாங்க.' என்கூட வீல்சேர்ல வந்திருந்த ஓகேயூ தங்கச்சி பட்டுன்னு சொல்லிடுச்சு: 'தூக்கும்போது புடவை விலகுது ஐயா, யார் கை எங்க படுதுன்னு தெரியல, அதுக்காகவே வெள்ளிக்கிழமை வர்றதை நிறுத்திட்டேன்.' அவர் உடனே எவ்வளவு நீளம் வேணும்னு கேட்டாரு. உயரத்தைப் போல 12 மடங்கு நீளம், 15 சென்டிமீட்டர் படிக்கு 180 சென்டிமீட்டர். குட்டைப் பலகையைச் சாய்ச்சு வச்சா சக்கரம் பின்னால உருளும், ஆபத்து. சக்கரம் தீட்டாச்சேன்னு ஒரு பெரியவர் கேட்டாரு, ஈரத்துணியால துடைச்சிட்டு உள்ள விடலாம்னு குருக்களே சொல்லிட்டாரு.

ராம்ப் வேலை ஆரம்பிக்கப் போறாங்க, செருப்பு ஸ்டாண்டைத்தான் நகர்த்தணும். அடுத்து டாய்லெட் கதவைப் பத்திப் பேசணும், அதுக்குள்ள வீல்சேர் நுழையாது. திருவிழா அன்னைக்குக் கோயிலுக்கு வரணும்னா அந்தத் தங்கச்சி காலையில இருந்து தண்ணி குடிக்கிறதில்லையாம்.